பால் திரிவதற்குள்

தந்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் அன்று கையிலிருக்கும் வெண்ணெயில் ஒரு பீப்பாயை உடனே ரயிலேற்றி கோபன்ஹேகனுக்கு அனுப்பியாக வேண்டும். நல்லதாகப் பார்த்துத் தனியாகக் கடைந்து அனுப்ப நேரம் கிடைக்காது. தலைநகரில் இருந்த அரசு ஆய்வுக்கூடம் அந்தப் பீப்பாயை வாங்கி, கிட்டத்தட்ட இரண்டு வாரம் அப்படியே வைத்திருக்கும். அதன் பிறகுதான் வெண்ணெய் வியாபாரிகளும் பால் தொழில் தெரிந்தவர்களும் கூடி, எந்தப் பண்ணையின் சரக்கு என்று தெரியாமலே முகர்ந்தும் சுவைத்தும் மதிப்பெண் போடுவார்கள்.

1889-இல் டென்மார்க்கில் தொடங்கிய இந்தத் தேர்வில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு வாரக் காத்திருப்பு. கடைந்த அன்று எந்த வெண்ணெயும் மணக்கும். கடல் கடந்து, இங்கிலாந்தின் மளிகைக் கடையில் கிடந்து, ஒரு வீட்டின் காலை உணவு மேசைக்குப் போய்ச் சேரும் நாளில் அது எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அந்த நாளை முன்கூட்டியே வரவழைத்து, பண்ணைக்குக் காட்டினார்கள்.

விளைந்த உணவு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வீணாவதை இன்று உலகம் பெரிய சிக்கலாகப் பேசுகிறது. அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடைக்கு வருவதற்கு முன்பே உலக உணவில் சுமார் 14 சதவீதம் போய்விடுகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. டென்மார்க் இந்தச் சிக்கலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. அதுவும், கறந்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும் பாலை வைத்துக்கொண்டு.

அந்த நாட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை டென்மார்க் இழந்தது. மிஞ்சிய நிலத்தில் தானியம் விளைவித்து ஏற்றுமதி செய்து பிழைத்துக்கொண்டிருந்தபோது, 1870-களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. பல நாடுகள் சுங்கவரி போட்டுத் தங்கள் விவசாயிகளைக் காக்க முயன்றன. டென்மார்க் அந்த மலிவுத் தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயாகவும் இறைச்சியாகவும் விற்க முடிவு செய்தது. தானியம் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடக்கும், வெண்ணெய் கிடக்காது. கெடாத சரக்கை விட்டு, கெடும் சரக்கை நம்பி ஒரு நாடே இறங்கியது.

இறங்கிய நேரத்தில் அதன் வெண்ணெய்க்கு இரண்டு முகங்கள் இருந்தன. பெரிய நிலக்கிழார்களின் மாளிகைப் பண்ணைகளில் செய்த வெண்ணெய்க்கு லண்டனில் நல்ல விலை. சாதாரணக் குடியானவர் வீட்டு வெண்ணெய்க்கு மதிப்பே இல்லை. நான்கைந்து மாடு வைத்திருந்த குடும்பம் பாலை அகலமான தட்டுகளில் ஊற்றி, ஏடு மேலே மிதந்து வரும்வரை காத்திருக்கும். பால் அதற்குள் பாதி புளித்துவிடும். சேர்ந்த ஏட்டைப் பல நாள் சேமித்து ஒருநாள் கடைவார்கள். ஒரு வீட்டு வெண்ணெய் மஞ்சள், இன்னொன்று வெளுப்பு. ஒன்றில் உப்பு அதிகம், மற்றொன்றில் நீர் அதிகம். கிராமம் கிராமமாக வாங்கிய வியாபாரி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, உப்பை ஏற்றிப் பீப்பாயில் அடைப்பார். ஒரு வீட்டு வெண்ணெய் சிக்குவாடை அடித்தால் பீப்பாய் முழுவதும் போயிற்று. நன்றாகச் செய்தவருக்கும் மோசமாகச் செய்தவருக்கும் ஒரே விலை என்பதால், நன்றாகச் செய்ய யாருக்கும் காரணம் இல்லை.

மாளிகைப் பண்ணைகளில் வேலை நடந்த விதமே வேறு. அங்கே பால்கூடத்தின் பொறுப்பு தேர்ந்த பெண்களிடம் இருந்தது. ஏட்டின் பதத்தையும் கடைசலின் சூட்டையும் விரலாலும் நாக்காலும் அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கைப்பக்குவத்தை எண்களாக மாற்ற முனைந்தவர் தாமஸ் ரீஸே செகெல்கே. பால்கூடத்துக்குள் வெப்பமானியையும் தராசையும் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்தவர் என்று டேனிஷ் வேளாண் வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. எத்தனை ராத்தல் பால் வந்தது, எத்தனை ராத்தல் வெண்ணெய் ஆனது, எந்தச் சூட்டில் கடைந்தது என்று நாள்தோறும் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு கொழுப்பு மோரோடு போய்க்கொண்டிருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1874-இல் கோபன்ஹேகனின் வேளாண், கால்நடைக் கல்லூரியில் அவர் பால் தொழிலுக்கான ஆசிரியரானார்.

குளிர்ச்சி இன்னொரு பக்கமிருந்து வந்தது. ஸ்வீடன்காரரான ஸ்வார்ட்ஸ் 1860-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கறந்த பாலை அகலத் தட்டில் விடாமல் உயரமான தகரப் பாத்திரங்களில் ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவது. பால் புளிப்பதற்கு முன்பே ஏடு பிரிந்து வரும். டேனிஷ் பண்ணைகள் இதை வேகமாக எடுத்துக்கொண்டன. குளிர்காலத்தில் குளங்களிலிருந்து வெட்டிய ஐஸ் பாளங்களைக் கோடை முழுவதும் காப்பது தனிக் கலையானது. நீல்ஸ் யோஹான்னஸ் ஃபியோர்டு என்ற இயற்பியல் ஆசிரியர் அதைப் பற்றிப் பல சோதனைகள் செய்தார். டேனிஷ் பால் தொழிலின் அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் கை படாத இடம் குறைவு.

கோபன்ஹேகன் நகரத்துக்குக் குடிக்கும் பால் கொண்டுவருவதிலும் ஒரு புதுமை நடந்தது. 1878-இல் தொடங்கிய கோபன்ஹேகன் பால் விநியோக நிறுவனம், தனக்குப் பால் ஊற்றும் தொழுவங்களைக் கால்நடை மருத்துவர்களைக் கொண்டு சோதித்தது. கறந்த பாலைப் பண்ணையிலேயே ஐஸ் வைத்துக் குளிரவைக்கச் சொன்னது. மாட்டுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நோய் என்று விவசாயி தானே வந்து தெரிவித்தால், வாங்காமல் நிறுத்திய பாலுக்கும் பணம் கொடுத்தது. நோயை மறைத்தால்தான் பிழைப்பு என்ற நிலையை அந்த ஒரு விதி மாற்றிப் போட்டது. ஒருவர் உண்மை சொல்வதால் மற்ற நூறு பேரின் பால் காப்பாற்றப்படுகிறது என்றால், அந்த உண்மைக்கும் விலை உண்டு என்று அந்த நிறுவனம் புரிந்துகொண்டிருந்தது.

அதே 1878-ஐ ஒட்டித்தான் மையவிலக்குப் பொறி வந்தது. ஸ்வீடனில் குஸ்டாஃப் தெ லாவல், டென்மார்க்கில் எல். சி. நீல்சன் இருவரும் பாலைச் சுழற்றி ஏட்டைப் பிரிக்கும் இயந்திரங்களை ஏறத்தாழ ஒரே சமயத்தில் உருவாக்கினார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஏடு, பால் வந்துகொண்டிருக்கும்போதே தொடர்ந்து பிரிந்து வழிந்தது. ஐஸும் தொட்டியும் இடமும் மிச்சமாயின. ஏடு பிரிந்த பிறகு மிஞ்சும் பாலும் புளிக்காமல் புதிதாக நின்றது. எந்தெந்த வீட்டிலிருந்து வந்த பாலையும் கலந்து பிரிக்கலாம் என்பது அதைவிடப் பெரிய மாற்றம். ஆனால் நீராவியால் ஓடும் பொறியை நான்கு மாட்டுக்காரர் வாங்க முடியாது.

மேற்கு ஜட்லாந்தின் ஓல்கோட் பக்கத்தில், வளம் குறைந்த மண்ணில் இருந்த சிற்றூர் ஹிய்யெடிங். அந்த ஊர் விவசாயிகள் 1882-இல் கூட்டாகக் கடன் வாங்கிப் பொறியை வாங்கினார்கள். ஸ்டில்லிங் ஆண்டர்சன் என்ற இளைஞர் அதை நடத்தினார். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை அதுதான். அதற்கு முன்பே தனியார் சிலர் ஊர்ப் பாலை வாங்கி வெண்ணெய் எடுத்துப் பார்த்திருந்தார்கள். வாங்குபவர் விலையைக் குறைக்கப் பார்ப்பார், விற்பவர் தண்ணீரைக் கூட்டப் பார்ப்பார். ஹிய்யெடிங்கில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஆட்கள். வீட்டுத் தேவை போக மீதிப் பால் முழுவதையும் பண்ணைக்கே ஊற்றியாக வேண்டும். கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. லாபம் ஊற்றிய பாலின் அளவுக்கேற்பப் பிரியும். பத்து மாடு வைத்திருந்தாலும் நூறு மாடு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற வழக்கமும் இந்தச் சங்கங்களில் வேரூன்றியது.

பரவிய வேகம் வியக்கவைப்பது. 1890-க்குள் இத்தகைய பண்ணைகள் ஏறத்தாழ எழுநூறு. 1900-இல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பாடநூலைவிடப் பேச்சையும் பாட்டையும் விவாதத்தையும் நம்பிய நாட்டுப்புற உயர்பள்ளிகள் கிராமத்து இளைஞர்களுக்குக் கூட்டம் நடத்தவும் கணக்குப் பார்க்கவும் ஏற்கெனவே பழக்கம் கொடுத்திருந்தன. கருத்து வேறுபாடுகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பொறி ஓடக்கூடாது என்று மதப்பற்று மிக்கவர்கள் வாதிட்டதால் சில ஊர்களில் இரண்டு பால் பண்ணைகள் எழுந்தன. பால்கூடங்களை ஆண்டுவந்த பெண்கள் பலர், நீராவிப் பொறியும் மேலாளர் பதவியும் ஆண்கள் கைக்குப் போனபோது ஓரங்கட்டப்பட்டார்கள். அவர்கள் கைப்பக்குவத்தின் மேல்தான் இந்தக் கட்டிடம் எழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் அளவு என்ற பழைய சிக்கல் தீரவில்லை. நீர் கலந்த பாலும் கெட்டியான பாலும் ஒரே எடைதானே? ஃபியோர்டு இங்கேதான் கைகொடுத்தார். ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறு மாதிரி எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒரே பொறியில் பல குழாய்களைச் சேர்த்துச் சுழற்றி, ஏட்டின் உயரத்தை அளக்கும் முறையை 1880-களில் உருவாக்கினார். கொழுப்புக்கு ஏற்ற விலை என்பது நடைமுறையானது. தமிழ்நாட்டுப் பால் சொசைட்டியில் இன்று கேனை நீட்டும் விவசாயி, ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்) எவ்வளவு என்று சீட்டில் பார்த்துக் காசு வாங்குவது இந்த வழியில் வந்த பழக்கம்தான். ஃபியோர்டின் தலைமையில் 1883-இல் அமைந்த அரசு வேளாண் ஆய்வுக்கூடமே பிறகு அந்தத் தந்தித் தேர்வையும் நடத்தியது.

அடுத்து, பருவம். ஐரோப்பாவில் மாடுகள் வசந்தத்தில் கன்று ஈன்று கோடையில் பால் சொரியும். கோடை வெண்ணெயை உப்பில் ஊறவைத்து மாதக்கணக்கில் வைத்து விற்பதுதான் பழைய வழக்கம். வீணாவதில் பெரும்பங்கு அங்கேதான் நேர்ந்தது. டேனிஷ் விவசாயிகள் கன்று ஈனும் காலத்தை மாற்றி, கிழங்குகளும் பிண்ணாக்கும் கொடுத்துக் குளிர்காலத்திலும் பால் கறந்தார்கள். வாரந்தோறும் ஒரே தரத்தில் புது வெண்ணெய் கிடைத்ததால் தேக்கிவைக்கும் தேவையே குறைந்தது. வழியும் சுருங்கியது. ஜெர்மனி வழியாகப் போய்வந்த வர்த்தகத்துக்கு மாற்றாக மேற்குக் கரையில் எஸ்பியர்க் என்ற துறைமுகத்தைக் கட்ட 1868-இல் சட்டம் போட்டார்கள். 1874-இல் அங்கே ரயில் வந்தது. 1875-இல் இங்கிலாந்துக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது.

புளிப்பிலும் ஒழுங்கு வந்தது. நம் வீடுகளில் முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவதுபோல, பண்ணைகளில் பழைய மோரை ஏட்டில் விட்டுப் புளிக்கவைப்பார்கள். ஒருநாள் அந்த மோர் கெட்டிருந்தால் அன்றைய வெண்ணெய் முழுவதும் கெடும். வில்ஹெல்ம் ஸ்டோர்க் என்ற வேதியியலாளர் 1890-இல் நல்ல மணம் தரும் நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துத் தூய உறையாகக் கொடுத்தார். ஏட்டை முதலில் சூடாக்கி வேண்டாத கிருமிகளைக் கொன்று, குளிரவைத்து, இந்த உறையைச் சேர்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் டேனிஷ் பண்ணைகளில் இது பொது வழக்கமானது.

ஏடு எடுத்த பாலையும் அவர்கள் கொட்டவில்லை. காலையில் கேன்களை எடுத்துவந்த அதே வண்டி, கொழுப்பு நீங்கிய பாலை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது. அது பன்றிகளுக்குத் தீவனமானது. 1887-இல் ஜெர்மனி டென்மார்க்கின் உயிர்ப் பன்றிகளுக்குத் தடை விதித்தபோது, அதே ஆண்டு ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடம் எழுந்தது. உயிரோடு போன பன்றி இனி உப்பிட்ட பேக்கனாக இங்கிலாந்துக்குப் போயிற்று. 1881-இல் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த பன்றிகள் 1914-இல் ஏறத்தாழ 25 லட்சம் ஆயின.

திரும்பிப் போன பாலில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. ஒரு தொழுவத்து மாட்டின் காசநோய், கலந்த பாலின் வழியாக ஊர் முழுவதும் கன்றுகளுக்குப் பரவியது. கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங் இதைத் தொடர்ந்து எச்சரித்தார். திருப்பி அனுப்பும் பாலையும் மோரையும் கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்க வேண்டும் என்று 1898-இல் சட்டம் வந்தது. சூடாக்கினார்களா என்று கண்டுபிடிக்க ஸ்டோர்க் அதே ஆண்டில் ஒரு எளிய சோதனை தந்தார். இரண்டு வேதிப்பொருள்களைச் சொட்டினால், போதிய சூடு காணாத பால் நீலமாக மாறும். சட்டத்தோடு அதைச் சோதிக்கும் கருவியும் ஆய்வாளரின் பைக்குள் வந்து சேர்ந்தது.

முட்டையில் இந்த ஒழுங்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். இங்கிலாந்தில் டேனிஷ் முட்டைகளுக்கு அப்போது கெட்ட பெயர். விலை ஏறட்டும் என்று பதுக்கிவைத்து விற்றதால் அழுகல் அதிகம். 1895-இல் தொடங்கிய கூட்டுறவு முட்டை ஏற்றுமதிச் சங்கம் ஒவ்வொரு முட்டையிலும் ஊர்ச் சங்கத்தின் எண்ணையும் உறுப்பினரின் எண்ணையும் முத்திரையாகக் குத்தச் சொன்னது. தினமும் பொறுக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கிடங்கில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது கெட்டது ஒன்று அகப்பட்டால், அதன் மேலிருந்த எண் எந்த வீட்டுக் கூடையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அந்த வீட்டுக்கு அபராதம்.

வெண்ணெய்க்கும் பொது அடையாளம் தேவைப்பட்டது. வெண்கலக் காலத்து ஊதுகொம்பான லூர் என்பதன் படத்தை 1901-இல் வணிகச் சின்னமாகப் பதிந்தார்கள். 1906-இல் ஏற்றுமதி வெண்ணெய்க்கு அதைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஏடு சூடாக்கப்பட்டிருக்க வேண்டும், நீர் 16 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பீப்பாயில் பண்ணையின் எண் இருக்க வேண்டும். தரம் தொடர்ந்து சரிந்தால் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமை பறிபோகும். முதல் உலகப் போருக்குச் சற்று முன் டென்மார்க் ஆண்டுக்குச் சுமார் 90,000 டன் வெண்ணெய் ஏற்றுமதி செய்தது. அதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு.

இயந்திரக் குளிர்ச்சி இத்தனை பழக்கங்களும் நிலைத்த பிறகே பெரிதாக வந்தது. தாமஸ் சப்ரோ 1897-இல் ஓர்ஹூஸ் நகரில் தொடங்கிய ஆலை, பால் பண்ணைகளுக்கும் இறைச்சிக்கூடங்களுக்கும் குளிரூட்டும் பொறிகள் செய்தது. 1933-இல் ஆல்ஸ் தீவில் தன் பெற்றோரின் பண்ணை வீட்டில் மாட்ஸ் கிளாவுசன் குளிர்சாதனங்களுக்கான வால்வுகளைச் செய்யத் தொடங்கினார். அதுவே பிறகு டான்ஃபாஸ் நிறுவனமாக வளர்ந்தது.

தமிழருக்கு டென்மார்க் என்றால் தரங்கம்பாடிதான் முதலில் நினைவுக்கு வரும். 1620 முதல் 1845 வரை அங்கே டேனியர் கோட்டை கட்டி வாணிபம் செய்தார்கள். அதற்குப் பின்னர் வந்த இன்னொரு தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. 1934-இல் சோரன் டூப்ரோ என்ற டேனிஷ் பொறியாளர், கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை சிமெண்ட் ஆலையில் இயந்திரங்களை நிறுவ வந்தார். 1938-இல் நண்பர் ஹென்னிங் ஹோல்க்-லார்சனோடு சேர்ந்து பம்பாயில் அவர் தொடங்கியதுதான் லார்சன் அண்ட் டூப்ரோ. தொடக்கத்தில் அவர்கள் விற்றது டேனிஷ் பால் பண்ணைக் கருவிகளை. குஜராத்தின் ஆனந்தில், கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் அனுப்பிய பால் வழியிலேயே திரிந்து இழப்பு நேர்ந்தபோது, வர்கீஸ் குரியனின் யோசனைப்படி வாங்கிய பாஸ்டரைசர் அந்த நிறுவனம் வழியாகவே வந்தது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னதை, குரியனோடு பணியாற்றிய எச். எம். தலாயா பொய்யாக்கிக் காட்டவும் நைரோ என்ற டேனிஷ் நிறுவனத்தின் சிறிய தெளிப்பு உலர்த்தி உதவியது. 1955-இல் நேரு திறந்துவைத்த ஆனந்த் பால் பண்ணை அந்தத் துணிவின் மேல் எழுந்தது. குளிர்காலத்தில் மிஞ்சும் பால் கொட்டப்படாமல் கோடைக்குப் பொடியாகக் காத்திருக்கத் தொடங்கியது.

பாலுக்கு நம் நாட்டில் இப்படி ஒரு பாதை அமைந்துவிட்டது. ஊர் சொசைட்டி, சோதனை, குளிரூட்டும் நிலையம், டேங்கர் லாரி, ஆவின் பண்ணை என்று ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொறுப்பு மாறுகிறது. ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் ஓர் அளவு பதிவாகிறது. தக்காளிக்கு அது இல்லை. ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ விலை சரிந்த நாளில் பெட்டி பெட்டியாகத் தக்காளி சாலையோரம் கொட்டப்படும் படங்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அப்போதெல்லாம் குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற குரல் எழுகிறது. கிடங்கு வேண்டும்தான். ஆனால் டேனிஷ் விவசாயிகள் அதோடு நிற்கவில்லை. பறித்த நேரம் முதல் யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தத் தரத்தில் வந்தது, கெட்டது யார் கூடையிலிருந்து என்பது பதிவாக வேண்டும். நல்ல சரக்குக்கு அன்றே கூடுதல் காசு கிடைக்க வேண்டும். விற்காத பழம் போய்ச் சேர, அந்த நாளின் பன்றித் தொழுவம்போல, சாஸ் ஆலையோ உலர்த்தும் கூடமோ அருகிலேயே இருக்க வேண்டும். அது பயிரிட்டவர்களின் சொத்தாகவும் இருந்தால், கொட்டப்படும் ஒவ்வொரு பெட்டியும் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இழப்பாகத் தெரியும். ஹிய்யெடிங்கில் கூடிய விவசாயிகளிடம் குளிர்பதனப் பொறி ஒன்றுகூட இருக்கவில்லை. தங்கள் பாலுக்குத் தாங்களே விதி எழுதிக்கொள்ள அவர்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. நம் தக்காளிக்கான விதிகளை எழுதும் வேலையை ஒட்டன்சத்திரத்து விவசாயிகளும் கிடங்குக்கு முன்பே தொடங்கிவிடலாம்.